முப்பத்தொன்று என்று எழுதிய நாள்

எங்கள் ஊர்ப் பெயரிலேயே நத்தை இருக்கிறது. சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. அப்படிப்பட்ட ஊரில் குடியிருந்துகொண்டு, தொட்டியில் நத்தைகள் ஒவ்வொன்றாகச் செத்துக் கவிழ்ந்ததை நான் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. மாதத்துக்கு இரண்டு நத்தை சாகும்தானே என்று சாமணத்தால் எடுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

சுங்கை சிப்புட்டில் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன் என்றால் ஈப்போ நண்பர்களே சிரிப்பார்கள். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும், நடுநடுவே சுண்ணாம்புக் குன்றுகள். லூமுட் கடற்கரைக்குப் போக காரில் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனால் அந்தக் குன்றுகளே ஒருகாலத்தில் கடலடியில் படிந்தவைதானே, நான் ஒன்றும் ஊருக்குப் புதிதாகக் கடலைக் கொண்டுவரவில்லை என்று அவர்களிடம் சொல்வேன்.

மூன்றடித் தொட்டி. கீழ்த்தொட்டியையும் சேர்த்து, பாறையைக் கழித்தால் 200 லிட்டர் தண்ணீர் நிற்கும். உப்புப் பொடியை ஆர்ஓ தண்ணீரில் கலக்கித்தான் கடல்நீர். ஆறு வருடமாக ஓடுகிறது. இரண்டு கோமாளி மீன், ஒரு இறால், பிறகு பவள வகைகள்: கொத்துக் கொத்தாய் சோவா, ஒரு ஹேமர், ஒரு கோனியோபோரா, விரல் நீளத்தில் மூன்று அக்ரோபோராத் துண்டுகள், நடுவில் ராஜா மாதிரி ஒரு டார்ச். டார்ச் பார்த்திராதவர்களுக்கு: கல்லில் செய்த குழாய் வாயிலிருந்து பச்சை விரல்கள் நூறு நீட்டிக்கொண்டு, நுனியில் மஞ்சள் மணி வைத்து, நீரோட்டத்தில் நாள் முழுக்க ஆடிக்கொண்டிருக்கும். அப்பா அதைப் பூ என்பார். எல்லாப் பவளமும் அவருக்குப் பூதான். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி, பிறகு பால் ஸ்டோரில் ஆளாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் கோப்பி ஓ குவளையோடு தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தால் பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பார்.

பிப்ரவரியில் ஒருநாள் அவர்தான் சொன்னார். “தம்பி, நடுப்பூ இன்னைக்கு எந்திரிக்கல.”

கிட்டப் போய்ப் பார்த்தேன். விரல்கள் அரை அங்குலத்துக்குச் சுருங்கியிருந்தன. சதை உள்ளே இழுத்துக்கொண்டதில், அடியிலிருக்கும் சுண்ணாம்புத் தகடுகள் தோல் வழியே கத்தி முனைபோல வரிவரியாகத் துருத்தி நின்றன. குழாயின் வெளிப்பக்கம், சதை முடியும் விளிம்பில், ஒரு நகத்தின் அகலத்துக்கு வெள்ளையாய்க் கல் தெரிந்தது. நேற்றுவரை அங்கே தோல் இருந்தது. சோவாவில் பாதி வாய் மூடியிருந்தது. கோனியோபோரா இரண்டு நாளாகவே தலை காட்டவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது என் வைத்தியம்.

மலேசியாவில் பவளம் வாடினால் முதலில் வெயிலைத்தான் சந்தேகிப்போம். அதில் தப்பில்லை. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெளிச்சத்தை வாங்கி அதற்குச் சோறு போடுகிறது. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தால் போதும், பவளம் அந்தப் பாசியை வெளியே துப்பிவிடும். 1998-இல் நடந்தது. 2010-இல் தியோமான், ரெடாங், பாயார் தீவுப் பக்கம் சில முக்குளிப்பு இடங்களையே மூடி வைத்தார்கள். 2024 ஏப்ரலில், உலக அளவில் நான்காவது பெருவெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அறிவித்தார்கள். எங்கள் வீட்டு முன்னறை பிப்ரவரி மதியத்தில் 31 டிகிரிக்கு வெந்துகொண்டிருந்தது. தொட்டி நீரைக் குளிர்விக்கும் சில்லர் மூச்சு வாங்க ஓடியது.

ஆனால் வெளுப்பது வேறு, உரிவது வேறு. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும், பலருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். வெளுத்த பவளத்தில் சதை அப்படியே இருக்கும். நிறம் மட்டும் போய்க் கண்ணாடிபோல ஆகி, அடியிலிருக்கும் வெள்ளைக் கல் தெரியும். விரல் நீட்டும், இரை கொடுத்தால் பிடிக்கும், பட்டினியோடு உயிர் பிடித்துக்கொண்டிருக்கும். சூடு தணிந்தால் மீளவும் வாய்ப்புண்டு. உரிவது அப்படியல்ல. சதையே போய்விடும். மிஞ்சுவது வெறும் கல், நாலு நாளில் அதன்மேல் பச்சைப் பாசி படரும். என் டார்ச்சில் நடந்தது இரண்டாவது. மிச்சமிருந்த சதையில் நிறம் குறையவே இல்லை. வெயிலை அன்றே விடுதலை செய்திருக்க வேண்டும். இருந்தும் கை சும்மா இருக்கவில்லை, சில்லரை 26-இலிருந்து 25-க்கு இறக்கினேன்.

அடுத்து கொசுப்புகை. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஜனவரியில் ஒருவருக்கு டெங்கி. அந்தி நேரத்தில் முதுகில் எந்திரம் கட்டிக்கொண்டு வந்து வீதி முழுக்க அடித்துவிட்டுப் போனார்கள். அந்த மருந்தில் பெரும்பாலும் பைரெத்ராய்டு வகைதான் இருக்கும். பூச்சியின் நரம்பை அடிக்கிற அதே வேகத்தில் இறால், நண்டின் நரம்பையும் அடிக்கும். அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் வேறு வெளிக்காற்றை உறிஞ்சித்தான் நுரை கட்டும், வீட்டுக்குள் வந்த புகையை நேராகத் தண்ணீரில் கலக்கிவிடும். அன்றைக்கு நான் ஸ்கிம்மரை நிறுத்தி, ஈரத்துணியால் தொட்டியைப் போர்த்தி, சன்னலெல்லாம் அடைத்திருந்தேன். புகை உள்ளே போயிருந்தால் முதலில் விழ வேண்டியது இறால். அது தன்பாட்டுக்கு மீனின் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது. நல்ல சாட்சிதான். ஆனாலும் ஒரு பை கரியை வாங்கி வடிகட்டியில் திணித்தேன்.

பூச்சி? டார்ச்சையும் ஹேமரையும் வெளியே எடுத்து அயோடின் கரைசலில் பத்து நிமிடம் குளிப்பாட்டினேன். வாளியின் அடியில் பூரான் மாதிரி ஒரு முள்புழு மட்டும் நெளிந்தது. அது குப்பை தின்று பிழைக்கும் அப்பாவி. விளக்கைத் துடைத்தேன், குறைத்தேன், மனசு கேட்காமல் திரும்ப ஏற்றினேன். ஈப்போ கடையில் ஒரு தம்பி, படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சத்துக் குறைவு என்று சொல்லி இரண்டு போத்தல் தந்தார், 140 வெள்ளி. போத்தல் விற்கிறவரிடம் போய் நோய் கேட்டால் போத்தல்தான் மருந்தாக வரும். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நீர்ச் சோதனையும் செய்தேன். நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06, இரண்டிலும் குற்றமில்லை. காரத்தன்மை 8.9 டிகேஎச், கால்சியம் 470, மக்னீசியம் 1440. கால்சியமும் மக்னீசியமும் சற்றுத் தாராளமாகத்தான் இருந்தன. உப்புக் கம்பெனிக்காரன் அள்ளிப் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். உப்பு 35, கிலோவுக்கு 35 கிராம். அது எப்போதும் 35.

மூன்று வாரத்தில் ஐந்து காரியம் செய்துவிட்டேன். நாலாவது வாரம் மூன்று அக்ரோவும் அடியிலிருந்து மேல்நோக்கி உரிந்து, ஒரே இரவில் வெள்ளைக் குச்சியாயின. எது காப்பாற்ற முயன்றது, எது கொன்றது என்று பிரித்துச் சொல்லமுடியாத நிலையை நானே உண்டாக்கி வைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குச்சிகளைப் பொறுக்கி வெளியே வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா கேட்டார். “எப்பேலருந்துடா இப்படி?”

“பிப்ரவரியிலருந்து.”

“இல்லையே. நத்த தீவாளிக்கு அப்புறமே சாக ஆரம்பிச்சிருச்சே. நாந்தானே காலையில பாக்குறேன்.”

மரத்தைப் பார்த்துப் பழகிய கண். ஒரு மரத்தில் பால் நின்றுபோனால் அன்றைக்குப் பட்டையை அல்ல, போன மாதம் வெட்டின வெட்டைப் பார்க்கவேண்டும் என்பார். நான் சோதனை எழுதிவைக்கும் நோட்டை எடுத்தேன். நோட்டு என்னவோ ஒழுங்காகத்தான் இருந்தது. எழுதியவன்தான் திரும்பப் படித்ததில்லை. டிசம்பரில் நாலு நத்தை. ஜனவரியில் மூன்று. சோவா சரியாக விரியவில்லை என்று ஒரு வரி. இன்னும் பின்னால் புரட்டினால், தீபாவளி முடிந்து ஐந்தாம் நாள்: “உப்பு 31. ஸ்கிம்மர் வழிந்திருக்கும்.” அதன் கீழே வரிசையாக, 31.5, 32, 32.5 என்று ஏறி, இரண்டு வாரத்தில் 35. பக்கத்தில் ஒரு சரிக்குறி வேறு.

தீபாவளிக்கு முந்தின வாரம் 35 இருந்திருக்கிறது. 200 லிட்டரில் உப்பு 35-இலிருந்து 31-க்கு இறங்கவேண்டுமானால் இருபது லிட்டருக்குமேல் உப்புநீர் வெளியேறி, அந்த இடத்தில் நல்ல தண்ணீர் நிரம்பியிருக்கவேண்டும். வீட்டுத் தரையில் ஒரு குவளைத் தண்ணீர் சிந்தியதாகக்கூட யாருக்கும் நினைவில்லை. அன்றைக்கு இந்தக் கணக்கை நான் போடவே இல்லை. கருவி 31 என்றது, நான் உப்பைக் கரைத்து ஊற்றினேன்.

இதை நான் உரக்கப் படித்தபோது அப்பா கோப்பியைக் கீழே வைத்தார்.

“ஸ்டோர்ல ஒருதடவ இப்படித்தான் ஆச்சு.”

தோட்டத்தின் பெயர் வேண்டாம். வெட்டுக்காரர்கள் வாளியில் கொண்டுவரும் பாலை எடை போட்டதும், அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். பாலில் கொஞ்சம் எடுத்து, இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, உயரமான குவளையில் ஊற்றி, ஒரு மிதவையை விடுவார்கள். மெட்ரோலாக் என்று பெயர். ரப்பர் தண்ணீரைவிட லேசு. ஆகவே பாலில் ரப்பர் கூடினால் மிதவை ஆழமாக இறங்கும், குறைந்தால் மேலே நிற்கும். அது காட்டும் கணக்குக்குத்தான் கூலி.

ஒரு வாரம் எல்லாருடைய பாலும் தண்ணியாகிவிட்டது. மழை இல்லை, இலையுதிர் காலமும் இல்லை. கணக்கெழுதும் கிராணி, எல்லாரும் தண்ணி கலக்கிறீர்கள் என்றார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் நிற்கவைத்துத் திட்டினார். பொம்பளைகள் மாரியம்மன் மேல் சத்தியம் பண்ணினார்கள். “எம்பது பேரு, ஒரே நாள்ல, ஒரே அளவு தண்ணி பேசிவச்சிக் கலந்தாங்களாம்,” என்று சொல்லி அப்பா இன்றைக்கும் சிரிக்கிறார், அந்தச் சிரிப்பில் சந்தோசம் இல்லை. ஆறாம் நாள் ஸ்டோரில் இருந்த ஒரு கிழவர் மிதவையைக் கழுவும்போது நகத்தால் சுரண்டியிருக்கிறார். பாலாடைபோல ஒரு தோல் உரிந்து வந்ததாம். காய்ந்த பால். ரப்பர் லேசல்லவா, அந்தத் தோல் மிதவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. மறுநாள் எல்லாருடைய பாலும் கெட்டியானது. போன ஆறு நாள் கூலி போனதுதான்.

“கிராணி சொன்னதுதான் கணக்கு. எங்கள எட்டிப்பாக்கக்கூட விடமாட்டாங்க,” என்றவர், தொட்டிப் பக்கம் தலையை ஆட்டினார். “உன் மிதவ எங்க?”

நான் மேசை இழுப்பறையிலிருந்து ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்தேன். ஒரு சாண் நீளக் குழாய். ஒரு முனையில் சாய்வான கண்ணாடி, மறுமுனையில் கண் வைக்கும் இடம். இரண்டு சொட்டு நீரைக் கண்ணாடியில் விட்டு, மூடியைக் குமிழ் வராமல் சாய்த்து மூடி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சேரும் கோடுதான் உப்பு. வாங்கின அன்று சுழியம் பார்த்துத் திருகாணியைச் சரிசெய்ததோடு சரி, அதற்கப்புறம் அதைச் சந்தேகித்ததே இல்லை.

மிதவையைச் சுரண்டிப் பார்க்க எனக்கு ஒரு நகம் வேண்டியிருந்தது. கடையில் 35-க்கான அளவுக் கரைசல் விற்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட்டில் அதற்கு எங்கே போவது? ஆனால் வீட்டிலேயே செய்யலாம். கடல்நீர் 35-இல் ஒளியை எவ்வளவு வளைக்குமோ, அதே அளவு வளைக்க, சாதாரண உப்பு எடைக்கு எடை 3.65 சதவீதம் இருந்தால் போதும். 36.5 கிராம் உப்பு, 963.5 கிராம் தண்ணீர். எங்கள் வீட்டுத் தராசு அரைக் கிராமைக் காட்டாது. அதனால் இரட்டிப்பாக, 73 கிராம் உப்பு, 1,927 கிராம் ஆர்ஓ தண்ணீர். என் மனைவி முறுக்கு மாவு அளக்கும் தராசில், அவருடைய கண்காணிப்பில், உப்பை ஒரு சிட்டிகை போட்டு ஒரு சிட்டிகை எடுத்து 73-இல் நிறுத்தினோம். கரைந்து தெளியும்வரை கலக்கி, அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று ஒரு மணி நேரம் விட்டோம்.

இரண்டு சொட்டு விட்டு மூடினேன். சன்னல் பக்கம் திரும்பினேன்.

31.

கண்ணாடியைத் துடைத்துத் திரும்ப விட்டேன். 31. மூன்றாவது முறை அப்பா வாங்கிப் பார்த்தார். எண்ணைப் பிடிக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. “முப்பத்தொன்னு,” என்றார்.

அப்படியானால் என் 35 என்பது 39. அதைத் தெரிந்துகொண்டு நோட்டைப் பார்த்தால் எல்லாம் வெட்டவெளிச்சம். 39-ஐ 35-ஆல் வகுத்தால் 1.11. இயற்கைக் கடல்நீரில் கால்சியம் ஏறக்குறைய 420, மக்னீசியம் 1290. இரண்டையும் 1.11-ஆல் பெருக்கினால் 466, 1432. என் சோதனையில் வந்ததும் கிட்டத்தட்ட அதுதான். மூன்று வாரமாகத் தொட்டி தன் நோயை எண்ணாலேயே எழுதிக் காட்டியிருக்கிறது. ஒரு சத்து மட்டும் கூடியிருந்தால் அந்தச் சத்தைச் சந்தேகிக்கலாம். எல்லாம் ஒரே விகிதத்தில் கூடியிருந்தால் உப்பைத்தான் பார்த்திருக்கவேண்டும். எம்பது பேர் பேசிவைத்துத் தண்ணி கலக்கமாட்டார்கள்.

செங்கடலின் வடக்கே உப்பு 40-ஐத் தொடுகிறது, அங்கே பவளம் செழிக்கிறதே என்று யாராவது கேட்கலாம். செழிக்கிறதுதான், அது தலைமுறை தலைமுறையாக அந்த உப்பில் பிறந்து வளர்ந்தது. என் பவளத்தை நான் இரண்டு வாரத்தில் அங்கே கொண்டுபோய் விட்டேன். உப்பு ஏறினால் உடம்புக்குள்ளிருக்கும் தண்ணீர் வெளியே போகப் பார்க்கும், அதைச் சரிக்கட்டவே பவளத்தின் தெம்பு தீரும். என் நத்தைகள் அதற்கு முன்பே சாய்ந்துவிட்டன. போதாதற்குப் பிப்ரவரியில் நான் வேறு குளிர், கரி, அயோடின், போத்தல் என்று ஆள்மாற்றி ஆள் அடித்தேன். அக்ரோக்களை உப்பு மட்டும் கொல்லவில்லை.

கருவி ஏன் மாறியது என்ற கேள்விக்கு என் மனைவியிடம் பதில் இருந்தது. தீபாவளிக்கு வந்த அக்கா பிள்ளைகள் அதைத் தூரநோக்கி என்று நினைத்து வாசலில் சண்டை பிடித்திருக்கிறார்கள். ஒருமுறை சிமெண்டில் விழுந்ததாம். “சொன்னா திட்டுவீங்கன்னு மாமி நீங்களே வச்சிருங்கன்னு கொடுத்தான்,” என்றார். ஆறு வயசுப் பயலைத் திட்டி என்ன ஆகப்போகிறது? வருசத்துக்கு ஒருமுறையாவது கருவியைச் சரிபார்க்காத நாற்பது வயசுக்காரனை யார் திட்டுவது?

குற்றவாளி கிடைத்ததும் ஒரே நாளில் தண்டிக்கக் கை பரபரத்தது. உப்பைச் சட்டென்று இறக்கினால் மிச்சமிருப்பதும் போய்விடும். 39-ஐ 35-க்குக் கொண்டுவர, மொத்தத் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 20 லிட்டரை, நல்ல தண்ணீராக மாற்றவேண்டும். அதைப் பத்து நாளாகப் பிரித்தோம். தினமும் காலையில் 2 லிட்டர் எடுத்து, 2 லிட்டர் ஆர்ஓ தண்ணீர், அதையும் கீழ்த்தொட்டியில் சொட்டுச் சொட்டாக. கூடவே ஆவியாகிப்போகும் தண்ணீருக்கு வழக்கம்போல ஈடு. நான் வேலைக்குப் போகும் நாளில் அப்பா செய்தார். வேறெதையும் தொடவில்லை. போத்தல்கள் அலமாரியில் நிற்கின்றன. ஒன்றும் செய்யாமல் இருந்த அந்தப் பத்து நாள்தான் இந்த ஆறு வருடத்தில் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

கோனியோபோரா தேறவில்லை. ஹேமரில் ஆறு தலையில் இரண்டு போனது. சோவா எட்டாம் நாளே பாய் விரித்ததுபோல விரிந்துவிட்டது. டார்ச் மூன்று வாரம் பொறுமையைச் சோதித்தது. முதலில் துருத்திய தகடுகள் சதைக்குள் மறைந்தன. பிறகு ஒருநாள் மதியம் விரல்கள் ஓர் அங்குலம், மறுநாள் ஒன்றரை. உரிந்த இடத்தில் திரும்பத் தோல் ஏறவில்லை. ஆனால் உரிந்த கோடு அதற்குமேல் நகரவும் இல்லை. மார்க்கர் பேனாவால் தொட்டிக் கண்ணாடியில் குறித்து வைத்திருந்தேன்.

மிச்ச உப்புக் கரைசலைத் தேன் போத்தல் ஒன்றில் ஊற்றி, ஆவியாகாமல் இறுக்கி மூடி, மேல் இழுப்பறையில் வைத்திருக்கிறோம். ஒட்டியிருக்கும் காகிதத்தில் 35 என்பது அப்பாவின் கையெழுத்து. ஞாயிறு காலை கோப்பி முடிந்ததும் அவரே போத்தலையும் குழாயையும் எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போவார். முதலில் போத்தல் சொட்டு, பிறகு தொட்டிச் சொட்டு. நான் பக்கத்தில் போய் நானும் பார்க்கட்டுமா என்றால் குழாயைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, “இரு, நான் இன்னும் பாத்து முடிக்கல,” என்கிறார்.